பின்வாங்கிக் காக்கும் கலை

முன்னுரை

கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் கண்முன் வருகிறது. அமெரிக்க நாட்டில் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் எதிர்த்தரப்பின் எல்லைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். பக்கத்திற்கு 11 பேர் ஆடுவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறினால்தான் பந்து அவர்களிடமே நிற்கும்.

பந்தை எறிபவரையும் பிடிப்பவரையும் எல்லாரும் அறிவர். எறிபவரைக் காத்து நிற்கும் ஐவரை அறிந்தவர் சிலரே. அவர்கள் நன்றாக ஆடினால் ஒன்றும் நிகழ்ந்ததாகத் தெரியாது. தவறு செய்தாலோ, அவர்களுடைய எண்ணை நடுவர் ஒலிபெருக்கியில் அறிவிப்பார். இந்த ஐவரின் பணிகளுள் மிகக் கடினமானது, பந்து எறியப்படும் வரை எதிரியைத் தடுத்து நிற்றல். மலைபோன்ற உடல் வாய்த்தவர்க்கும் இத்திறம் எளிதில் கைவருவதில்லை. அதற்குக் காரணம் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஐவரும் அவர் கடமையும்

வரிசையின் நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் நிற்போர் கார்டு எனப்படுவர். அவர்களுக்கும் வெளியே, இரு முனைகளிலும் நிற்போர் டாக்கிள். சென்டர் தம் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னுக்குத் தர, குவார்ட்டர்பேக் எனப்படும் ஆட்டத் தலைவர் அதைப் பெற்றுச் சில அடிகள் பின்சென்று, யாருக்கு எறியலாம் என்று நோக்குவார். அவருக்குக் கிடைக்கும் காலம் சுமார் இரண்டரை முதல் மூன்று விநாடி. அதற்குள் அவரை வீழ்த்த எதிர்த்தரப்பினர் பாய்ந்து வருவர். அவர்களுள் விரைவு மிக்கவர்கள் பெரும்பாலும் முனைகளிலிருந்தே வருவார்கள்.

வலக்கையால் எறிபவர் எறிய நிற்கும்போது அவருடைய இடப்புறம் முதுகுப்புறமாகி விடுகிறது. அங்கிருந்து வருபவரை அவர் காணமாட்டார். அவருக்காகக் காண வேண்டியவர் இடது டாக்கிளே. 1985 நவம்பர் 18-ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து பிடித்தபோது, குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் வலது கால் முறிந்தது. அவர் அதற்குப்பின் ஆடவே இல்லை. காவலர் காப்பது தோழரின் உடலையும் வாழ்வையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இயல்புக்கு மாறான செயல்

பந்தை ஏந்தி ஓடுபவர்க்கு வழிசெய்யும்போது காவலர் முன்னோக்கிப் பாய்ந்து எதிரியைத் தள்ளுகிறார். அது மனித இயல்புக்கு ஒத்தது. எறிபவரைக் காக்கும்போதோ அவர் பின்னோக்கிச் செல்ல வேண்டும். எதிரி முகம் பார்த்து முழு வேகத்தில் ஓடி வருகிறார். காவலர் அவரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, அவருக்கும் எறிபவருக்கும் இடையே எப்போதும் தம் உடலை வைத்திருக்க வேண்டும்.

இதற்கு வகுத்த அடிவைப்பைக் 'கிக் ஸ்லைடு' என்பர். இடது டாக்கிளாயின் இடக்கால் முதலில் பின்னும் புறமுமாகச் சறுக்கிச் செல்லும். வலக்கால் தரையை விட்டு அதிகம் எழாமல் அதைத் தொடரும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது. ஒன்றோடொன்று ஒட்டவும் கூடாது. முழங்கால் மடிந்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். எதிரி கைக்கெட்டும் தொலைவில் வந்த அக்கணத்தில் இரு கைகளாலும் அவர் மார்பில் ஊன்றித் தாக்க வேண்டும். அதைப் 'பஞ்ச்' என்பர்.

கைகளைப் பயன்படுத்துவதிலும் விதியின் கட்டுப்பாடு உண்டு. முற்காலத்தில் காவலர் தம் கைகளை மார்பருகே மடக்கியே தடுக்க வேண்டியிருந்தது. 1978-இல்தான் தேசியக் கால்பந்து லீக், கையை நீட்டி உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என இசைந்தது. ஆயினும் எதிரியைப் பற்றி இழுத்தல் குற்றம். அதற்குத் தண்டம் 10 கெஜம். நான்கு முயற்சிகளில் ஈட்ட வேண்டிய தொலைவு முழுவதையும் ஒருவருடைய கைப்பிழை இழக்கச் செய்துவிடும்.

பிழைகளின் சங்கிலி

காவலர் செய்யும் பிழைகள் பலவாகத் தோன்றினும் அவை தனித்தனியானவை அல்ல. ஒன்று மற்றொன்றைப் பெறும்.

முதலாவது, தொடக்க அடி குறுகுதல். முதல் அடி சிறிதாயின் விரைவுடைய எதிரி முனையைச் சுற்றிக்கொண்டு சென்றுவிடுவார். பிந்திய காவலர் செய்வதறியாது அவருடைய சட்டையைப் பற்றுவார், தண்டம் கிடைக்கும். அதற்கு அஞ்சி, பந்து அசையும் முன்பே புறப்பட்டால் அதுவும் குற்றம்; 5 கெஜம் இழப்பு.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சி வெளியே செல்லுதல். ஒருமுறை வெளிப்புறமாகத் தோற்றவர், மறுமுறை அப்பக்கத்தையே காக்க விரைவார். அனுபவமுள்ள எதிரி அதை எதிர்பார்த்திருப்பார். வெளியே இரண்டடி வைத்து, சட்டென்று உள்ளே திரும்புவார். உள்வழியே எறிபவரை அடையும் குறுக்குவழி. ஆகவே உட்புறத் தோல்வி வெளிப்புறத் தோல்வியினும் கொடியது.

மூன்றாவது, இடுப்பை வளைத்து முன்சாய்தல். காத்திருக்கப் பொறுக்காமல் எதிரியை எட்டிப் பிடிக்க முனையும்போது தலை கால்விரல்களைத் தாண்டிவிடுகிறது. எதிரி அவர் கைகளைத் தட்டிவிட்டால் போதும். தம் எடையாலேயே அவர் கீழே விழுவார்.

நான்காவது, கைகளை அகல விரித்தல். அப்போது எதிரியின் கைகள் உள்ளே புகுந்து மார்பைப் பற்றுகின்றன. நிமிர்ந்துவிட்ட காவலரை எதிரி நேரே பின்தள்ளி எறிபவர் மடியிலேயே சேர்த்து விடுவார்.

இவற்றைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் கையின் பிழை. அதன் வேரோ பெரும்பாலும் காலில் இருக்கிறது. கால் பிந்தியதால் கை பற்றுகிறது. கால் நின்றுவிட்டதால் இடுப்பு வளைகிறது. கையை மட்டும் திருத்த முயல்பவர் நோயை விட்டு அதன் அடையாளத்திற்கு மருந்திடுபவர் ஆவார்.

ஒரு மாணவரின் வரலாறு

இதற்குச் சிறந்த சான்றாக ஜோர்டன் மைலாட்டாவின் வரலாற்றைக் கூறலாம். 1997-இல் ஆஸ்திரேலியாவில் சமோவாப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், சிட்னி நகரில் ரக்பி லீக் ஆடி வளர்ந்தவர். 6 அடி 8 அங்குல உயரம் உடையவர். வெளிநாட்டு வீரர்க்கான பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து புளோரிடாவில் பயின்றார். 2018-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 233-ஆவது தேர்வாக இவரைக் கொண்டது. அதுவரை அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பந்தயமும் இவர் ஆடியதில்லை.

இவருக்கு நேர்ந்த இடர்ப்பாடு விந்தையானது. ரக்பியில் பந்து இல்லாதவரைத் தடுப்பதே குற்றம். இங்கோ அதுவே தொழில். அங்கே பந்தை ஏந்தி முன்னோக்கி மோதியவர் இங்கே பந்தைத் தொடாமல் பின்னோக்கி நடக்கப் பழக வேண்டியிருந்தது. வலிமையும் விரைவும் நிறைய இருந்தன. அவற்றைப் பயன்படுத்தும் முறை மட்டும் இல்லை. முதல் இரண்டு பருவங்களிலும் முதுகுக் காயம் வேறு வந்து சேர, அவர் லீக் ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை.

பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம் அவர் அரிச்சுவடியிலிருந்து கற்றார். மற்றவர்கள் பள்ளிப் பருவத்திலேயே கற்றதை இருபது வயதுக்குமேல் கற்க அவர் வெட்கப்படவில்லை. 2020 அக்டோபரில், மூத்தவர்கள் காயமுற்ற நிலையில், சான் பிரான்சிஸ்கோ அணிக்கெதிராக முதன்முதலில் தொடக்க வீரராக இறங்கினார். 2021-இல், முதற்சுற்றில் தேர்வான ஆண்ட்ரே டில்லார்டோடு போட்டியிட்டு இடது டாக்கிள் இடத்தைத் தமதாக்கினார். 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் கான்சாஸ் சிட்டி அணியை 40-22 என ஈகிள்ஸ் வென்றபோது, அணித்தலைவரின் இடப்புறத்தைக் காத்து நின்றவர் இவரே.

முறையாகக் கற்று வந்தவர்க்கும் இத்துன்பம் உண்டு. 2020-இல் நான்காவது தேர்வாக நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்த ஆண்ட்ரூ தாமஸ், முதலாண்டில் மிகவும் தடுமாறிப் பெரும் பழிச்சொல்லுக்கு ஆளானார். 2022-இல் அவரே நாட்டின் சிறந்த காவலர்களுள் ஒருவராக, ஆல்-புரோ இரண்டாம் அணியில் இடம்பெற்றார். இவ்விரண்டாண்டில் அவர் உடல் பெருத்துவிடவில்லை, ஆட்டமுறை செம்மையாயிற்று.

திருந்தும் வழி

காவலர்க்குரிய பயிற்சிகளுள் எளியதும் பயன்மிக்கதும் ஒன்றுண்டு. காவலர் தம் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்வார். எதிரே நிற்கும் தோழர் இடமும் வலமுமாக நகர்வார். கண்ணாடியில் தோன்றும் உருவம்போலக் காவலர் கால்களால் மட்டுமே அவரைத் தொடர வேண்டும். பற்றுவதற்குக் கை இல்லையாதலின் கால் தன் கடமையைக் கற்றுக்கொள்கிறது. அது படிந்தபின்னரே கைகளுக்கு வேலை தருவர். ஆட்டம் முடிந்தபின் படச்சுருளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிழை தோன்றிய கணத்தை விடுத்து, அதற்கு முந்திய அடியை ஆராய்வதும் சிறந்த முறையாகும்.

உடலோடு மனத்துக்கும் பயிற்சி வேண்டும். ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது முறை காவல் நிற்பவர், ஒருமுறை தோற்றாலும் அடுத்த முறை பழைய அச்சத்தோடு நிற்கலாகாது. அஞ்சியவர் வெளியே ஓடுவார், உள்ளே தோற்பார். மறத்தலும் இங்கு ஒரு திறமையே.

முடிவுரை

வலிமை உடையவர் வெல்வர் என்பது பொதுவான நம்பிக்கை. பொறுத்திருந்து, நின்ற நிலை குலையாமல், உரிய கணத்தில் கையை நீட்டுபவரே காக்க வல்லவர் என்பதை இந்த ஆட்டம் காட்டுகிறது. தேர்வில் விடை தவறும்போதும், மேடையில் நா தடுமாறும்போதும் நாம் கண்ணுக்குத் தெரியும் பிழையையே கடிந்துகொள்கிறோம். அதற்கு முந்திய அடி எங்கே பிந்தியது என்று தேடுவோமாயின், திருத்தம் அங்கிருந்தே தொடங்கும். இருபது வயதுக்குமேல் நடை பழகிய ஒரு வீரரால் அது இயன்றதென்றால், மாணவராகிய நம்மாலும் இயலும்.