சந்தா கட்டுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

லிங்க்ட்இன் பிரீமியத்துக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன நேரத்தில், 'உங்கள் பக்கத்தைச் சிலர் பார்த்திருக்கிறார்கள், யாரென்று அறியச் சந்தா கட்டுங்கள்' என்று செய்தி வந்தால் யாருக்கும் மனசு அலைபாயும். ஆனாலும் என் பதில், இப்போது கட்டாதே என்பதுதான். எப்போது கட்டலாம் என்பதையும் சொல்கிறேன்.

வேலை தேடுபவர்களுக்கான திட்டத்தில் கிடைப்பவை இவை: அறிமுகமே இல்லாதவருக்கும் நேரடியாக எழுத மாதம் 5 இன்மெயில், உன் பக்கத்தைப் பார்த்தவர்களின் பட்டியல், மற்ற விண்ணப்பதாரர்களோடு உன்னை ஒப்பிடும் விவரம், லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்கள். பெயரை மறைத்துக்கொண்டு பார்த்தவர் யாரென்று பணம் கட்டியவருக்கும் தெரியாது. போட்டியாளர்களின் விவரத்தால் உன் தகுதி கூடாது, கவலைதான் கூடும். பாடங்கள் நல்லவைதான், ஆனால் நீ ஏற்கெனவே ஒரு படிப்பைப் பாதியில் வைத்திருக்கிறாய். முதலில் அதை முடி. மிஞ்சுவது அந்த 5 இன்மெயில்.

அது தேவையா என்று அறிய, வேலை எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்துப் பார். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகே நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் சுமார் 17 சதவீதம் மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற, ஏறக்குறைய மறந்தே போன ஆட்கள். நெருங்கிய தோழிக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். கொஞ்சம் தள்ளி இருப்பவரிடம்தான் புதுச்செய்தி இருக்கும். லிங்க்ட்இனிலேயே 2 கோடிப் பேருக்கும் மேல் வைத்து நடந்த ஆய்வு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதுவும் இதையே உறுதிசெய்தது. மிக நெருங்கியவரும் இல்லை, முற்றிலும் அந்நியரும் இல்லை, நடுவில் இருக்கும் அரைகுறை அறிமுகங்களே வேலை மாற அதிகம் உதவுகின்றன என்று கண்டார்கள்.

அந்த அறிமுகங்களை லிங்க்ட்இனில் காசில்லாமலே தேடிக்கொள்ளலாம். உன் கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் என்ற பகுதி இருக்கிறது. எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். நீ தேடும் டேட்டா அனலிஸ்ட் வேலையில் இருக்கும் சீனியர் அக்கா, அண்ணன்களைத் தேடி எடு. இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு வரம்பு உண்டு; ஆகவே யோசித்து எழுது. 'வேலை வாங்கித் தாருங்கள்' என்று கேட்காதே. 'உங்கள் கல்லூரியில்தான் படித்தேன். இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறேன், எஸ்க்யூஎல் கற்கிறேன். உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்?' என்று கேள். பதில் சொல்ல எளிதான கேள்விக்கு மனிதர்கள் பதில் சொல்வார்கள்.

உன் தயக்கம் எனக்குத் தெரியும். முன்பின் பழகாதவரிடம் எப்படிக் கேட்பது என்று கூசுகிறாய். பணம் கட்டுவது சுலபம், ஒருவரிடம் வாய்திறந்து கேட்பதுதான் கடினம். கட்டியதும் ஏதோ செய்துவிட்ட நிம்மதி வரும். அந்த நிம்மதியில் கேட்கவேண்டியதைக் கேட்காமலே மாதம் ஓடிவிடும். நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இப்படி எழுதியும் எட்ட முடியாத நாலைந்து பேர் இருந்தால், அவர்கள் பெயர் உன் கையில் பட்டியலாக இருந்தால், அப்போது ஒரு மாதம் சேர். முதன்முறை சேருபவர்களுக்கு இலவச மாதம் தந்தால் அதையே எடுத்துக்கொள். முடிய ஒரு நாளாவது இருக்கும்போதே ரத்துசெய், இல்லாவிட்டால் பணம் தானாகப் பிடிக்கப்படும். ஐபோன் செயலி வழியாகக் கட்டினால் ஆப்பிள் கணக்கில்தான் ரத்துசெய்ய வேண்டும். மீந்த இன்மெயில்கள் சந்தாவோடு போய்விடும், அதனால் முதல் வாரத்திலேயே எழுதிவிடு. 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த இன்மெயில் உன் கணக்குக்கே திரும்பி வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரின் பட்டியல் போடு. எனக்கும் அனுப்பு. அவர்களில் யாரையாவது எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம், நானே கேட்கிறேன். உனக்காகக் கேட்பதில் எனக்குக் கூச்சமே இல்லை. உனக்கும் வேண்டாம்.

அன்புடன்,
சித்தி