முனகும் மோட்டாரும் மூன்று கம்பிகளும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டால் ஆம்பியர் மீட்டரின் முள் வலது ஓரத்துக்குப் போய் நிற்கிறது, தண்ணீர் வரவில்லை. சற்று நேரத்தில் ஓவர்லோடு சுவிட்ச் விழுந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டவியல் நடத்துபவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "காயில் போயிருக்கும், மேலே தூக்க வேண்டியதுதான்" என்றேன்.

தூக்கினோம். பட்டறையில் அவர்கள் பெட்டியோடு இணைத்து ஓட்டியபோது மோட்டார் நன்றாகவே ஓடியது. மீண்டும் இறக்கி மாட்டினால் பழைய கதைதான். தூக்கவும் இறக்கவும் ஆன கூலி ஆசிரியர்கள் கையிலிருந்து போட்ட பணம். நான்கு நாட்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கழிப்பறைக்குக் குடத்தில் சுமந்தோம். ஐந்தாம் நாள் ஒரு மாணவியின் தாத்தா வந்தார். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "பெட்டியத் தொறந்து பாத்தியளா சார்?"

பார்க்கவில்லை. சுவரில் இருந்த அந்தப் பெட்டியில் ஒரே ஒரு மின்தேக்கி. மேலே 36 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருந்தது; மல்டிமீட்டர் 9 என்று காட்டியது. புதியதை மாட்டியதும் தண்ணீர் வந்தது.

இதை விக்கிரமசிங்கபுரத்தில் இருந்துகொண்டு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து நீர்விசையை நம்பி நூற்பாலை தொடங்கிய இடம் இது. மேலே 1944 முதல் மின்சாரம் தரும் நீர்மின் நிலையம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்த கைகள் தெருவுக்கு நான்கு இருக்கும். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் கரும்பலகையில் மோட்டார் வரைந்துகொண்டிருந்தேன்.

வரைந்த மோட்டார் எது என்பதுதான் சிக்கல். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் வருவது நேர்மின்னோட்ட மோட்டார்: இரு காந்த முனைகள், நடுவே கம்பிச்சுருள், பிளவு வளையம், தூரிகைகள். மாணவர்கள் வீட்டில் வழக்கமான மின்விசிறியைக் கழற்றினால் இந்த அமைப்பு கிடைக்காது. தூரிகையும் இல்லை, நிலைக்காந்தமும் இல்லை. சுழலும் பகுதிக்கு மின்கம்பியே போவதில்லை. அது தூண்டல் மோட்டார். பாடப்படத்துக்கு நெருங்கிய உறவு வேண்டுமானால் மிக்சியைத் திறக்க வேண்டும். கார்பன் தூரிகைகள் தேய்ந்து பொறி பறப்பதை அம்மாக்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பழைய மிக்சி மோட்டார் ஒன்றும் பழைய மேசை மின்விசிறி ஒன்றும் மேசையில் அருகருகே இருந்தால் போதும், இந்தப் பாடத்துக்கு வேறு துணைக்கருவி வேண்டாம் என்பது என் எண்ணம்.

மின்விசிறிக்கு மின்தேக்கி ஏன்? வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் சுருளில் பாயும்போது காந்தப்புலம் வலுத்துத் தளர்ந்து திசை மாறுகிறதே தவிரச் சுற்றி வருவதில்லை. ஊஞ்சல் போல ஒரே கோட்டில் ஆடுகிறது. அந்தப் புலத்தில் சுழலி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் முனகும். ஆகவே இரண்டாவது சுருள் ஒன்றைச் சற்றுத் தள்ளி அமைத்து, அதன் மின்னோட்டம் நேரத்தால் முன்னே வரும்படி மின்தேக்கி வழியாக அனுப்புகிறார்கள். இரு சுருள்களின் புலமும் சேர்ந்தால் சுற்றும் புலம் கிடைக்கிறது. மின்தேக்கி செத்துவிட்டால் குச்சியால் இறக்கையைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிய பக்கமே ஓடத் தொடங்கும். மாணவர்கள் வீட்டில் பார்த்த காட்சிதான் இது. காரணம் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்கிறது.

நான் ஆண்டுதோறும் செய்யும் செயல்பாடு ஒன்றைச் சொல்கிறேன். கழற்றிய கூரை மின்விசிறியிலிருந்து மூன்று கம்பிகள் வெளியே வரும். நிறத்தை நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளக்கச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு விசிறியில் கிடைத்த எண்கள் 160, 230, 390. சொல்லாமலே ஒரு பையன் கூட்டிப் பார்த்தான்: 160உம் 230உம் சேர்ந்தால் 390. ஆக 390 காட்டிய இரு கம்பிகளும் இரு சுருள்களின் வெளி முனைகள். விட்டுப்போன மூன்றாவதுதான் பொதுக்கம்பி. தொடர் இணைப்புக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ஓரிணையில் மட்டும் எண் வந்து மற்ற இரண்டில் வராவிட்டால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. கூட்டல் ஒத்துவராவிட்டால் உள்ளே இரு சுருள்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். நுகர்ந்து பாருங்கள், கருகிய வார்னிஷ் வாடை காட்டிக்கொடுக்கும். எங்கள் ஆழ்துளை மோட்டாரிலிருந்தும் மூன்று கம்பிகள்தான் மேலே பெட்டிக்கு வந்தன. மோட்டாரைத் தூக்காமலே இதைச் செய்திருக்கலாம்!

இங்கே ஒரு மாணவி மடக்கினாள். "230 வோல்ட், 160 ஓம். அப்போ 1.4 ஆம்பியர் போகணும், 330 வாட் ஆகணும். விசிறியில 75 வாட்னு போட்டிருக்கே சார்?" கேள்வி சரி. மல்டிமீட்டர் அளப்பது பேட்டரியின் நேர்மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் தடையை மட்டும். மாறுமின்னோட்டம் பாயும்போது, மாறும் காந்தப்புலம் அதே சுருளில் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டி மின்னோட்டத்தைக் குறைக்கிறது. மின்காந்தத் தூண்டலை மீண்டும் நடத்த அதைவிட நல்ல வாசல் இல்லை. முனகும் பம்பு மோட்டாரை ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அங்கேயே இருக்கிறது: சுழலி நின்றுவிட்டால் மின்னோட்டம் பல மடங்கு ஏறி, நல்ல காயிலும் கருகும்.

மின்தேக்கியை மாணவர் கையில் கொடுக்குமுன் ஆசிரியரே மின்னிறக்கம் செய்தாக வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஹோல்டரில் போட்ட பழைய குண்டு பல்பின் இரு கம்பிகளை அதன் முனைகளில் தொட வைக்கிறேன். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தொடும் பழக்கத்தை வகுப்பில் காட்டுவதில்லை. கூரை விசிறிக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். அது 1.5க்கு இறங்கியிருந்தால் விசிறி ஓடும், ஆனால் காற்று வராது. மாற்றும்போது அதே அளவுதான் போட வேண்டும். "பெரிசாப் போட்டா வேகமா ஓடும்" என்று கடையில் சொல்வார்கள்; கூடுதல் மின்னோட்டத்தில் சுருள் சூடேறும்.

மாணவர்கள் செய்யும் சோதனை எதிலும் மின் இணைப்பு கிடையாது. பிளக் என் மேசை மேல் கண்ணில் படும்படி கிடக்கும். சீரிஸ் பல்பு வைத்துச் சோதிப்பது எலக்ட்ரீஷியன் வேலை, வகுப்பறை வேலை அல்ல.

சென்ற ஆண்டு பள்ளியில் ஒதுக்கிக் கிடந்த ஆறு விசிறிகளைச் சோதித்தோம். நான்குக்கு மின்தேக்கி. ஒன்றுக்கு பேரிங், கையால் சுற்றினாலே கரகரவென்று சொல்லியது. ஆறாவதில் மூன்று எண்களும் சரியாக இருந்தன. உடலுக்கும் கம்பிக்கும் இடையே மல்டிமீட்டர் எதுவும் காட்டவில்லை. மாட்டிவிடலாம் என்றார்கள் பிள்ளைகள். தாத்தா தம் பழைய மெக்கரைக் கொண்டுவந்து 500 வோல்ட்டில் சுற்றினார். ஒரு மெகா ஓமாவது வர வேண்டிய இடத்தில் முள் சுழியை ஒட்டி நின்றது. மல்டிமீட்டரின் சிறு பேட்டரிக்குத் தெரியாத கசிவு அது. மாட்டியிருந்தால் உலோக உடலில் மின்சாரம் ஏறியிருக்கும். அந்த விசிறி ஆய்வகத்து அலமாரி மேல் இருக்கிறது. "காயில் கட்டணும், மாட்டாதே" என்று பிள்ளைகள் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார்கள்.