முதல் ஓட்டமும் முதல் ஷூவும்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. சிதம்பரம் பக்கத்திலுள்ள கீரப்பாளையம் ஒன்றியத்து ஊர்களில் இருட்டு விலகுமுன் எழுந்து ஓடும் பிள்ளைகள் பலருக்கு இந்த எண்கள்தான் கணக்கு. 7 நிமிடம் என்பது கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. 400 மீட்டர் ஓடுபாதையில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. உடல் நலமுள்ள ஓர் இளைஞர் மூன்று நான்கு மாதப் பழக்கத்தில் எட்டக்கூடிய வேகம் இது. எட்ட முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் உடல் காரணமல்ல, அவசரம்தான் காரணம்.

முதல் நாளே நேரம் பார்த்து 1500 மீட்டரையும் மூச்சுமுட்ட ஓடிவிடுவது பரவலான வழக்கம். மூன்றாம் நாள் கால் மரத்துப்போய், ஐந்தாம் நாள் ஓட்டமே நின்றுவிடும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நூற்றிருபது கிலோவுக்கும் மேல், ஒரு கிலோமீட்டருக்குள் ஆயிரம் தடவை. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே இதற்குப் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல, அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து. மூச்சு வாங்குவது குறைந்ததும் ஓடுபவர் தேறிவிட்டதாக நினைக்கிறார், கால் எலும்போ இன்னும் தயாராகவில்லை.

அதனால் தொடக்கம் நடையும் ஓட்டமும் கலந்ததாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் வேகமாக நடந்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஏழெட்டு முறை. ஒன்றுவிட்டு ஒரு நாளாக வாரத்துக்கு மூன்று நாள் போதும். வாரம் செல்லச்செல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால், எட்டொன்பது வாரத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட வரும். வேகம் சரியா என்பதைப் பேச்சே சொல்லிவிடும்: பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கே மூச்சிரைத்தால் வேகம் அதிகம். கடிகாரத்துக்கு வேலை அதற்கப்புறம்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 112 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, அதையே நான்கு முறை செய்தால் அந்த வேகம் காலுக்குப் பழகிவிடும்.

வலியைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் இரண்டு நாள் வலிப்பது இயல்பு. முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் உட்புறமாக நீளவாட்டில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி, வலி போனபின் பாதி அளவிலிருந்து தொடங்க வேண்டும். அதே எலும்பில் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவது பெரும் தவறு, எலும்பு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். தேர்வு நெருங்குகிறது என்று இந்த வலியோடு ஓடுபவர் தேர்வையும் இழப்பார், அடுத்த பல மாதங்களையும் இழப்பார்.

ஓடும் இடம் அடுத்தது. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் வழியாகச் சேத்தியாத்தோப்பு செல்லும் சாலை ஓடுவதற்கு உரியதல்ல. பேருந்தும் லாரியும் போதாதென்று, அரவைப் பருவத்தில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் வரும். வேறு வழியில்லாமல் சாலையில் ஓடினால், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாக ஓட வேண்டும், சட்டை வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பள்ளி மைதானமும் வாய்க்கால் கரை மண்பாதையும் காலுக்கு இதமானவை. ஆனால் மழைக்குப் பின் இந்த வட்டாரத்துக் களிமண் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும், வழுக்கவும் செய்யும். வரப்பு நடப்பதற்கு மட்டுமே, அதில் ஓடிக் கணுக்கால் பிசகியவர் ஒரு மாதம் உட்கார வேண்டியிருக்கும். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடல் சூடும் இறங்காது. சித்திரை, வைகாசியில் விடிந்தபின் ஓடாமல் இருப்பதே நல்லது. ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ போதும், கடையில் விற்கும் வண்ணப் பானம் தேவையில்லை.

ஷூ இல்லாமல் ஓடலாமா என்ற கேள்விக்கு வரலாறு இருக்கிறது. எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார், 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி மறுபடியும் வென்றார். நம் நாட்டின் சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடிப் பேர் பெற்றவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது இடத்தில் வந்தார். வெறுங்கால் பாதத்துக்குக் கெடுதலல்ல என்பதற்கு ஆய்வும் உண்டு. 1992-இல் வெளியான இந்திய ஆய்வொன்று 2300 குழந்தைகளின் காலடித் தடங்களைப் பார்த்தது. தட்டைப் பாதம் செருப்பணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். ஆனால் சிறு வயது முதல் செருப்போடு வளர்ந்த கால், இருபது வயதில் திடீரென்று தார்ச்சாலையில் வெறுங்காலாக ஓடினால் தாங்காது. கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் வேறு. மைதானத்துப் புல்லில் வாரம் பத்து நிமிடம் வெறுங்காலில் மெதுவாக ஓடலாம், மற்ற நேரத்துக்கு ஷூ வேண்டும்.

பள்ளிக்கூடத்து வெள்ளைக் கான்வாஸ் ஷூவில் மெத்தை என்று சொல்ல ஒன்றுமில்லை. கிரிக்கெட் ஷூவும் பாட்மிண்டன் ஷூவும் பக்கவாட்டு அசைவுக்குச் செய்யப்பட்டவை. ஓட்டத்துக்கான ஷூவில் மேலே காற்றுப் புகும் வலைத்துணி, நடுவில் அதிர்ச்சி வாங்கும் நுரை, அடியில் தேய்மானம் தாங்கும் ரப்பர் என்று மூன்று அடுக்கு உண்டு. நல்லதைக் கையிலேயே சோதிக்கலாம். குதிகாலைச் சுற்றிய பகுதியை அழுத்தினால் நசுங்கக்கூடாது. இரு முனையும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும், நடுவில் முறியும் ஷூ வேண்டாம்.

அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதிகம் பேர் தவறுவதும் அதில்தான். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் அகலமானது என்பது அதன் முடிவு. இதற்காக 'பா' என்ற புது அளவு முறையையும் முன்வைத்தது. கடைகளில் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலேய அளவுதான். அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. அகலம் போதாதபோது நம்மவர்கள் ஒரு எண் கூட்டி வாங்கிவிடுகிறார்கள், நீளம் கூடிக் குதிகால் உள்ளே நழுவிக் கொப்புளம் வருகிறது. விரல் பக்கம் அகலமாக உள்ள வேறு மாடலைக் கேட்பதே சரி. சில நிறுவனங்கள் ஒரே எண்ணில் அகல வகையும் தருகின்றன.

சிதம்பரம் கடைத்தெருவுக்கு மாலையில் போக வேண்டும், பகல் முழுதும் நடந்த கால் அப்போது சற்றே பருத்திருக்கும். ஓடும்போது அணியும் சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு, நின்று பார்க்க வேண்டும். பெரிய காலுக்குத்தான் அளவு. நீண்ட விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும், விரல்களை உள்ளே விரிக்க முடிய வேண்டும், குதிகால் தூக்கக்கூடாது. கடைக்கு வெளியே பத்தடி ஓடிப் பார்க்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 'போடப்போடச் சரியாகிவிடும்' என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடியை வைத்துவிட்டு வரலாம். இன்றைய நுரை ஷூ முதல் நாளே உறுத்தாமல் இருக்க வேண்டும்.

பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுக்கும் முறை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் இதைச் சோதித்து 2009, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளைவுக்கு ஏற்ப ஷூ கொடுத்தவர்களுக்கும் எல்லாருக்கும் ஒரே வகை கொடுத்தவர்களுக்கும் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. காலுக்கு எது சுகமோ அதுவே தேர்வு என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கும் வழி. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ தொடங்குபவருக்கு வேண்டாம். பெரிய பெயரைப் பொறித்த போலி ஷூவைவிட, பெயர் சிறிதானாலும் ஓட்டத்துக்கென்றே செய்த உண்மையான ஷூ நல்லது.

மழையில் நனைந்தால் உள் அட்டையை உருவி, செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்பின் சூடும் உச்சி வெயிலும் நுரையையும் பசையையும் கெடுக்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி உழைக்கும். மேலே புதிதாகத் தெரிந்தாலும் நுரை செத்துவிட்டால் முழங்கால் முதலில் சொல்லும். வாங்கிய தேதியை உள் அட்டையில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். அந்த ஷூவைக் கடைத்தெருவுக்கும் கல்யாணத்துக்கும் போடாமல் ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். உடல்தகுதித் தேர்வுக்குப் புது ஷூ வாங்குவதானால் குறைந்தது மூன்று வாரம் முன்பே வாங்கி அதிலேயே ஓடிப் பழக வேண்டும்.