குட்டை நீரில் பாசி: ஊட்டும் உரமும் மேயும் பூச்சியும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள கொல்லிமலையில் ஊற்று, ஓடை, குட்டை ஆகியவற்றின் நீரையே விவசாயிகள் பெரிதும் நம்பியுள்ளனர். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் தேங்கிய நீர் பச்சைக் குழம்பு போலாகிவிடுவதுண்டு. அந்நீரைக் குடிக்கும் ஆடு மாடுகளுக்கு ஆபத்து நேரலாம். விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகலாம்.

பாசிக்கு உணவு எது?

பயிரைப் போலவே பாசிக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தேவை. 1973-ல் கனடா நாட்டில் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரு பாதியாகப் பிரித்தனர். இரு பாதியிலும் தழைச்சத்தும் கரிமச்சத்தும் இட்டனர். ஒரு பாதியில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தனர். அந்தப் பாதியே பச்சையாக மாறியது. சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தாமே கிரகித்துக்கொள்ளும். நெல் வயலில் உயிர் உரமாக இடப்படும் பாசியும் இவ்வகையே. மணிச்சத்தை மட்டும் அவற்றால் காற்றிலிருந்து பெற முடியாது.

கொல்லிமலையில் முன்பு சாமை, கேழ்வரகு பயிரான சரிவுகள் பலவற்றில் இப்போது மரவள்ளி நிற்கிறது. கிழங்கு தோண்டும்போது இளகும் மண் மழையில் கரைந்து ஓடுகிறது. மணிச்சத்து மண் துகளில் ஒட்டிக்கொண்டு உடன் செல்கிறது. காசு கொடுத்து வாங்கிய உரம் இவ்வாறு குட்டைப் பாசிக்கு உணவாகிறது. கரையில் மேய்ந்து நீரில் இறங்கும் மாடுகளின் சாணமும் மூத்திரமும் இதனுடன் சேருகின்றன.

நீருக்குள் மேய்ச்சல்

கரையில் மாடு மேய்வது போல நீருக்குள்ளும் மேயும் பிராணிகள் உண்டு. டாப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு அவற்றில் முக்கியமானது. மிகச் சிறிய இது, நீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். ஒரு கண்ணாடித் தம்ளரில் குட்டை நீரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், புள்ளிபோல் துள்ளித் துள்ளிச் செல்வதைக் காணலாம். இவை மிகுதியாக இருந்தால் நீர் தெளிந்திருக்கும்.

கட்லா மீன் இப்பூச்சிகளை விரும்பித் தின்னும். அளவுக்கு மீறிக் குஞ்சு விட்டால் பூச்சி குறைந்து பாசி பெருகும். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக்கெண்டை, குளிர்ந்த மலைநீரிலும் வளரும். ஆனால் அடிச்சேற்றைக் கிளறி, அதில் தங்கிய மணிச்சத்தை மீண்டும் நீரில் கலந்துவிடும்.

பூச்சிமருந்து நீர்த்தெள்ளை எளிதில் கொன்றுவிடும். தெளிப்பானைக் குட்டையில் கழுவினால் மேயும் பூச்சி மடிந்து, சில நாட்களில் பாசி தடையின்றி வளரும்.

உரம் மிகுந்த நீரில் பூச்சியை மட்டும் நம்பிப் பயனில்லை. நீலப்பச்சைப் பாசி நூல் போலவும் கட்டியாகவும் வளருவதால் பூச்சிகளால் அதை நன்கு தின்ன முடிவதில்லை. சில வகைகளில் நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் இத்தகைய நீரைக் குடித்துக் கால்நடைகள் இறந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-லேயே எழுதியுள்ளார்.

செய்ய வேண்டியவை

1. மரவள்ளியைச் சரிவுக்குக் குறுக்கே நட்டு, கல் வரப்பு அமைக்க வேண்டும். உரத்தை மேலே தூவாமல் மண்ணில் கலந்து இடவேண்டும். பெருமழைக்கு முன் உரமிடலாகாது.

2. குட்டைக்கு நீர் வரும் வழியில் வெட்டிவேர் அல்லது புல் வளர்த்தால் மண் அங்கேயே தங்கும்.

3. மாடுகளைக் குட்டையில் இறக்காமல், நீரை மொண்டு தொட்டியில் ஊற்றிக் காட்டுவது நல்லது. பச்சை ஏடு படர்ந்த நீரைக் கொடுக்கக் கூடாது.

4. கோடையில் வண்டலை அள்ளி வயலுக்கு இடலாம். ஓடிப்போன சத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

5. மீன் குட்டையில் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்க வேண்டும். பச்சை நிறத்தால் உள்ளங்கை தெரியாவிட்டால் சாணம் இடுவதை நிறுத்திவிட வேண்டும்.

6. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடலாகாது. அது நீர்த்தெள்ளையும் கொல்லும். மடிந்த பாசி அழுகிப் பிராணவாயுவைக் குறைக்கும். அதிலுள்ள நஞ்சும் நீரில் கலக்கும்.

மேட்டில் மண்ணைக் காத்தால் பள்ளத்தில் நீர் தெளியும். மலைச்சரிவு விவசாயிக்கு இதில் உரச் செலவும் மிச்சமாகும்.