டயர் மாறினால் காற்றுக் கணக்கும் மாறும்

ஐடிஐ முடித்துவிட்டு நெய்வேலி ஆர்ச் கேட், இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் டயர் கடையில் வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு முதல் நாளே கையில் கொடுப்பது காற்றுக் குழாயைத்தான். கூடவே ஒரு பாடமும் வரும்: "எல்லா காருக்கும் 30 வை." கம்பெனி டயரோடு வரும் சின்ன காருக்கு அது ஏறக்குறைய சரிதான். அலாய் வீல், அகல டயர் என்று மாற்றிக்கொண்டு வரும் வண்டியில்தான் தொழில் தெரிந்தவர் யார் என்பது தெரியும்.

முதலில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். கம்பெனி பொருத்திய டயர் அளவும் அதற்கான காற்றும் அதில் இருக்கும். மாற்று டயருக்கு அதை அப்படியே வைக்க முடியாது. ஆனால் கணக்கு தொடங்குவது அங்கேதான்.

அடுத்து டயரின் பக்கவாட்டு எழுத்து. 165/80 R14 85 என்றால் கடைசி 85 லோடு இண்டெக்ஸ். ஒரு டயர் 515 கிலோ தாங்கும். அந்த முழுச் சுமையைத் தாங்க சாதாரண டயருக்கு 36 பிஎஸ்ஐ வேண்டும். ஸ்டிக்கர் 29 சொன்னால் அந்தக் காற்றில் தாங்குவது சுமார் 433 கிலோ. புது டயரும் குறைந்தது அந்த 433-ஐத் தாங்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். போன் கால்குலேட்டர் போதும்: 29-ஐ 36-ஆல் வகுத்து, 0.8 அடுக்குக்கு உயர்த்தி, 515-ஆல் பெருக்குங்கள்.

இப்போது அதே காரில் 185/60 R15 84 மாட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு அகலம், தாங்குவதோ 500 கிலோதான். கணக்குப்படி 30 வேண்டும். ஸ்டிக்கரில் உள்ளதைவிட லோடு இண்டெக்ஸ் குறைந்த டயரைப் போடவே கூடாது என்பது பொது விதி. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். 185/70 R14 88 என்றால் கணக்கு 26-இல் நிற்கும். அதற்காகக் காற்றைக் குறைக்காதீர்கள். பிரேக்கும் திருப்பமும் 29-ஐ நம்பி அமைத்தவை, ஆகவே 29 இருக்கட்டும்.

பலர் சறுக்குவது எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோடு) என்று அச்சிட்ட டயரில். "பலமான டயர், காற்று குறைவாகப் போதும்" என்பார்கள். நேர்மாறு. அதன் முழுச் சுமைக்கான காற்று 42. அதே 88 எக்ஸ்எல் ஆக இருந்தால் 433 கிலோவுக்கே 30-க்கு மேல் கேட்கும். பக்கவாட்டில் 'மேக்ஸ் 44', '51' என்று இருப்பது உச்ச வரம்பு. அதைப் பார்த்துக் காற்றடிக்கிற கடையில் தொழில் கற்காதீர்கள்.

நெய்வேலிச் சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரங்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அவை கிராலரில் நகர்பவை. அங்கே அதிகாரிகளை ஏற்றிப்போகும் ஒப்பந்தக் கார்களுக்கு உண்டு. அவை பெரும்பாலும் ஓடிச் சூடான பிறகே கடைக்கு வரும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கானவை, அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டிக்கு. சுமார் 5.5 டிகிரி சூடு ஏறினால் 1 பிஎஸ்ஐ ஏறும். கத்திரி வெயிலில் 34 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் அந்த டயர் குறைக்காற்றில் ஓடும். குறைக்காற்று டயரின் பக்கவாட்டை மடக்கிச் சூடாக்கும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க அது முக்கியக் காரணம். சூடான டயரில் குறைந்தால் ஏற்றுங்கள், கூடினால் விட்டுவிடுங்கள், காலையில் வரச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே வண்டி வந்தால் டயரைத் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் வேலை.

பில்லில் டயர் அளவு, லோடு இண்டெக்ஸ், வைத்த காற்று, டயர் சூடா குளிரா என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். நாளை சொந்தக் கடை போடும்போது உங்களைத் தேடி வரப்போவது அந்த வாடிக்கையாளர்தான்.