தன் வேகத்தைத் தானே அடக்கும் எஞ்சின்

சோறு பொங்கி வழியும்போது அம்மா அடுப்பிலிருந்து விறகைச் சற்று வெளியே இழுக்கிறார். கொதி அடங்கினால் மறுபடி உள்ளே தள்ளுகிறார். விளைவைப் பார்த்து அதன் காரணத்தைத் திருத்தும் இம்முறைக்குப் 'பின்னூட்டம்' என்று பெயர். ஆள் துணையின்றி ஓர் இயந்திரமே இதைச் செய்யுமா?

இங்கிலாந்தின் பழைய நூற்பாலைகளில் ஒரே நீராவி எஞ்சின் பல இயந்திரங்களை ஓட்டியது. அவற்றுள் சிலவற்றை நிறுத்தினால் சுமை குறையும், எஞ்சின் வேகமெடுக்கும், நூல் அறும். இதற்கு ஜேம்ஸ் வாட் 1788இல் ஒரு வழி கண்டார். காற்றாலைகளில் ஏற்கெனவே வழங்கிவந்த கருவியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதன் பெயர் கவர்னர்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு செங்குத்துத் தண்டு. அதன் இருபுறமும் கைகளில் தொங்கும் இரு கனத்த குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விலகி மேலே எழும்பும். அவற்றோடு இணைந்த நெம்புகோல் நீராவி வால்வைச் சிறிது மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். எஞ்சினின் வேகமே எஞ்சினுக்குக் கடிவாளம்!

ஆனால் ஒரு சங்கடம் முளைத்தது. சில எஞ்சின்கள் ஓரிடத்தில் நிலைக்காமல், வேகம் கூடுவதும் குறைவதுமாக ஓயாது ஊசலாடின. பொறியாளர்கள் இதை 'வேட்டையாடுதல்' என்றனர். ஏன் இப்படி? விறகை இழுத்த பின்னும் தணல் சூடு தருகிறதல்லவா? அதுபோல வால்வு மூடிய பின்னும் கனத்த சக்கரம் உடனே வேகம் குறைவதில்லை. எழும்பிய குண்டுகளும் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகின்றன. தேவைக்கு மேல் நீராவி அடைபடுகிறது. எஞ்சின் தளர்ந்ததும் அதே தவறு எதிர்ப்பக்கம் நிகழ்கிறது. திருத்தம் காலந்தாழ்ந்து வந்தால் திருத்தமே கோளாறாகிறது.

இந்த ஊசலாட்டம் எப்போது தேய்ந்து மறையும், எப்போது வளரும் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் சமன்பாடுகளால் ஆராய்ந்தார். மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற அதே மாக்ஸ்வெல்தான். 1876இல் ரஷ்யரான விஷ்னெகிராத்ஸ்கி ஒரு வியப்பான முடிவைச் சொன்னார்: உராய்வே இல்லாத கவர்னர் பயன்படாது! இயந்திரங்களில் உராய்வைக் குறைக்கப் பாடுபட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆகவே எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் மெல்ல நகரும் ஒரு பிஸ்டனைக் கவர்னரோடு இணைத்துக் குண்டுகளின் துள்ளலைத் தணித்தார்கள்.

மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையை அமுக்கி விட்டுப் பாருங்கள். துள்ளிக்கொண்டே இராமல் விரைவில் அடங்கிவிடும். சுருள்வில்லின் நடுவே உள்ள குழாயில் இருப்பதும் எண்ணெயும் பிஸ்டனுந்தான்.