தாய் வீடு ஏன் துணைக்கு வரவில்லை?

கேள்வி: பேச்சுப் போட்டிக்காக என் மகள் வேலுநாச்சியாரைப் பற்றிப் படிக்கிறாள். கணவரை இழந்து, பெண் குழந்தையோடு அந்நிய மண்ணில் எட்டு வருஷம் இருந்தார் என்று வருகிறது. எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கஷ்டம் என்றால் தாய் வீட்டார்தான் முதலில் வந்து நிற்பார்கள். ராமநாதபுரம் அரண்மனைப் பெண்ணுக்கு அந்தத் துணை ஏன் கிடைக்கவில்லை?
– ஒரு வாசகி, அனுப்பம்பட்டு

பதில்: அந்தத் தாய் வீடே அப்போது எதிரியின் பிடியில் இருந்தது, அம்மா.

வேலுநாச்சியார் 1730-இல் பிறந்தவர். செல்லமுத்து சேதுபதியின் மகள். வாளும் குதிரையேற்றமும் பழகி வளர்ந்தார். ஆனால் 1762-இல் தந்தை இறந்தபோது அரியணை அவருக்கு வரவில்லை. அத்தை முத்துத்திருவாயி நாச்சியாரின் கைக்குழந்தை முத்துராமலிங்கத்துக்குப் பட்டம் சூட்டினார்கள். குழந்தையின் பெயரில் ஆட்சியை நடத்தியவர் அத்தைதான்.

ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் பெண் கொடுத்து வளர்ந்த உறவு அதற்கும் முந்தியது. விஜயரகுநாத சேதுபதி தன் மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரைச் சசிவர்ணத் தேவருக்குக் கட்டிக்கொடுத்தபோது, ஆயிரம் வீரர்களை வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு வரியில்லா நிலத்தைச் சீதனமாகத் தந்தார். பிற்பாடு சேதுநாடு ஐந்து பங்காகி, இரண்டு பங்கு சசிவர்ணருக்குப் போனது. அதுதான் சிவகங்கைச் சீமை. அவர் மகன் முத்துவடுகநாதருக்கு வேலுநாச்சியார் வாழ்க்கைப்பட்டது 1746-இல். ஆக, அரண்மனைப் பெண்ணின் கல்யாணம் என்பது நிலமும் படையும் கைமாறும் ஒப்பந்தம். ஆபத்தில் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதும் அதில் அடக்கம்.

ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் இது தெரியாததல்ல. 1772 ஜூனில் முதலில் ராமநாதபுரத்தைத்தான் பிடித்தார்கள். அத்தையையும் பிள்ளையையும் திருச்சியில் சிறை வைத்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். புகுந்த வீட்டையும் பிறந்த வீட்டையும் ஒரே மாதத்தில் இழந்தார் வேலுநாச்சியார்.

அப்போது கை கொடுத்தவர்கள் ரத்த உறவு இல்லாதவர்கள். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். சிவகங்கைப் பிரதானி தாண்டவராய பிள்ளை, 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டு 1772 டிசம்பரில் மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். மருது சகோதரர்கள் கூடவே நின்றார்கள். ஹைதர் அலியின் படையுதவியோடு 1780-இல் சிவகங்கை மீண்டது.

மகள் வெள்ளச்சி இல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. சிவகங்கையின் வாரிசு அவள்தான். அவளுடைய உரிமைக்காகவும்தான் அந்தப் போர். ஆனாலும் அவளை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவரின் கைக்கே பின்னால் ஆட்சி போனது. 1801-இல் மருது சகோதரர்கள் கும்பினியோடு நடத்திய போர் தோற்றதும் கும்பினி வேங்கனைப் பினாங்குக்கு நாடு கடத்தியது. தாய் வீடான ராமநாதபுரத்தில் முத்துராமலிங்கரின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு 1803-இல் பட்டம் வந்தது. ஆனால் கும்பினிக்குப் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டும் ஜமீன்தாரிணியாகத்தான்.

உங்கள் மகள் மேடையில் வேலுநாச்சியாரின் வீரத்தோடு இதையும் சொல்லட்டும்: சொந்தபந்தம் எல்லாம் முடங்கிய வேளையில் உறவல்லாதவர்களின் நம்பிக்கையைப் பெற்று, எட்டு வருஷம் அதைக் காப்பாற்றி, மகளோடு ஊர் திரும்பினார் அவர். அவருடைய அரசியல் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.